பாசல் மைதானத்தில் நிற்கிறவர்

2008 செப்டம்பர் முதல் வாரம். ஜூனில் ஐரோப்பியக் கிண்ண ஆட்டங்கள் நடந்த பாசல் மைதானத்தைப் பார்க்கப் போகிறேன் என்று அலுவலகத்தில் சொல்லி விடுப்பு எடுத்தேன். பொய்யில்லை. ஆனால் உதைபந்தாட்டம் பார்த்தவர் அப்பாதான். அவர் ஓகஸ்டில் இறந்துபோனார்.

எங்கள் யாழ்ப்பாண வழக்கப்படி முப்பத்தோராம் நாளுக்குக் 'கல்வெட்டு' அடிப்போம். இறந்தவரின் வாழ்க்கையும் பிள்ளைகளின் பெயர், தொழிலும் அச்சிட்ட சிறு புத்தகம் அது. என் பெயருக்குப் பக்கத்தில் 'பட்டதாரி' என்று அம்மா எழுதுவித்தார். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். சுவிஸில் இருக்கும் அண்ணைக்கு 'பாசல் மைதான அதிகாரி'. அப்பா எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

அவரிடம் ஆதாரமும் இருந்தது. ஜூனில் மொன்றியல் மருத்துவமனை அறையில் தொலைக்காட்சியைப் பார்த்தபடி தொலைபேசியைக் காதில் வைத்திருப்பார். "அப்பா, நான் ஸ்டேடியத்திலதான் நிக்கிறன்... கோல்!" என்பார் அண்ணை. சில விநாடி கழித்துத்தான் எங்கள் திரையில் கோல் விழும். அப்பா தாதியைக் கூப்பிட்டு, திரையைக் காட்டி, "மோன் ஃபிஸ்!" என்பார். என் மகன்.

செத்தவீட்டுக்கு வர அண்ணைக்கு விசா கிடைக்கவில்லை. கல்வெட்டில் தொழில் சரியா என்று தொலைபேசியில் கேட்டேன். அண்ணை அழத் தொடங்கிவிட்டார். "ஆராவது ஒராள் போய் அவனைப் பாருங்கோ" என்றார் அம்மா. போகக்கூடியவள் நான் மட்டும்தான்.

மொன்றியலில் எங்கள் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோவும் இரண்டு பேருந்துமாக ஒரு மணி பத்து நிமிடம். சூரிச்சுக்கு ஏழரை மணி நேரம், டிக்கெட் 1,140 டொலர். அங்கிருந்து ரயிலில் பாசல் ஒன்றேகால் மணி. பிறகு பதினான்காம் இலக்க ட்ராம்.

தரிப்பிடத்தில் அண்ணை வெள்ளைச் சப்பாத்தோடு நின்றார். அவரைப் பார்த்துப் பதினொரு வருடம்.

"மெலிஞ்சு போனாய்."

"நீங்கள்தான் அண்ணை."

மைதானத்தின் வாசலுக்குக் கூட்டிப்போவார் என்று நினைத்தேன். அதோடு ஒட்டிக் கட்டிய கட்டடத்தின் பின்கதவால் நுழைந்தார். நடைபாதையில் சக்கர நாற்காலிகள்.

"இது முதியோர் இல்லமெல்லோ?"

"ஓம். இங்கதான் குசினி வேலை."

சமையலறையில் ஜன்னல் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னாலிருந்த சுவரைத் தட்டிக் காட்டினார். "இதுக்கு அங்கால புல்லு. ஆறு வருசமா நான் உள்ளுக்குப் போனதேயில்லை. கோல் விழுந்தால் சட்டி மூடியெல்லாம் அதிரும். அதை வைச்சுத்தான் அப்பாவுக்குச் சொன்னனான்." பிறகு மெதுவாக, "நான் பொய் சொல்லேல்லைத் தங்கச்சி. நிக்கிறன் எண்டுதான் சொன்னனான்" என்றார்.

எங்கள் பேச்சில் 'நிக்கிறன்' என்றால் ஓரிடத்தில் இருக்கிறேன், அவ்வளவுதான். அப்பா அதைப் புல்லில் கால் ஊன்றி நிற்பதாகக் கேட்டுக்கொண்டார்.

"கல்வெட்டில என்ன போடுறது?"

"சமையல் எண்டு போடு." தோலுரிக்கும் கத்தியைக் கழுவினார். துடைத்தார். "வேண்டாம். அப்பாவைப் பொய்யனாக்கிப் போடாதை."

மாலை நான்கு மணிக்கு வேலை முடிந்ததும் மைதான வாசலுக்குப் போனோம்.

"பட்டதாரி, நீ போய்க் கேளன். ஃபிரெஞ்சு தெரியுமெல்லோ?"

"இங்க ஜெர்மன், அண்ணை."

அன்றைக்கு முதல் முறை சிரித்தார். எனக்கு முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூச்சம். ஆனாலும் போய் ஆங்கிலத்தில் கேட்டேன். முன்பதிவு இல்லாமல் உள்ளே விடமாட்டார்களாம். இரும்புக் கதவின் இடைவெளியில் ஒரு முழம் பச்சை தெரிந்தது. அண்ணை குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்காகப் படம் எடுக்க நினைத்திருந்தேன். எடுக்கவில்லை.

மொன்றியல் திரும்பிய மறுநாள் அச்சகத்துக்குத் தொலைபேசி எடுத்து, 'அதிகாரி'யை வெட்டிவிட்டு 'பாசல் மைதானத்தில் நிற்கிறவர்' என்று போடச் சொன்னேன்.

"நிற்கிறவர் எண்டு ஒரு உத்தியோகமோ, பிள்ளை?" என்றார் அச்சகக்காரர்.

"ஓம்" என்றேன்.

நீங்கள் போவதென்றால் சுற்றிப் பார்க்க முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். ரயில் நிலையத்திலிருந்து நடந்தால் அரை மணி நேரம்தான். ஆட்டம் நடக்கும் நாளில் போனால், கோல் விழும்போது கொஞ்சம் பலமாகக் கத்துங்கள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒருவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நிற்பார்.