நான்கு கல்லூரிகளுக்கு ஒரு மன்னிப்பு

குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்ப உதவுவது என் சனிக்கிழமை வேலை. சம்பளம் கிடையாது; டீ உண்டு.

இன்று வந்தவள் சுனிதா. அப்பா ஒடிசாவிலிருந்து வந்து தொப்பூரில் ரோட்டோர ஓட்டலில் ரொட்டி சுடுகிறார். இவள் பேசுவதோ அசல் தர்மபுரித் தமிழ்.

விண்ணப்பிக்க இன்றே கடைசி நாள். ஐந்து கல்லூரிகள் வரை கேட்கலாம். இவள் ஒன்றே ஒன்றைத்தான் போட்டிருந்தாள்.

"ஏம்மா, அது கிடைக்கலைன்னா?"

"அப்பா வேண்டான்னுட்டாருங்க்கா. ஒரு முதலாளிகிட்ட வேலை கேட்டுட்டு இன்னொருத்தர்கிட்டயும் போய் நின்னா, ரெண்டு பேருமே நம்ப மாட்டாங்களாம்."

அவரைப் போனில் பிடித்தேன். லாரி ஹாரன்களுக்கு நடுவே பத்து நிமிடம் விளக்கினேன்.

"எல்லாரும் அப்படித்தாங்க போடுவாங்க. யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க."



"சரிங்க மேடம், போடுங்க. ஆனா பொண்ணு சேராத நாலு காலேஜுக்கு யாருங்க பதில் சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேங்க" என்றேன். சுனிதா மளமளவென்று நான்கையும் சேர்த்தாள்.

வாக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே, என் முகநூல் நண்பர் பட்டியலில் கல்லூரி முதல்வர்கள் யாராவது இருந்தால் முன்கூட்டியே மன்னித்துவிடுங்கள். சுனிதா உங்களிடம் வராமல் போகலாம்.

கோபமில்லை என்று கீழே ஒரு வரி எழுதுங்கள். அவள் அப்பாவிடம் காட்ட வேண்டும்.