பசை போட்ட நீராவி ஊர்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லரைப் பார்த்துக்கொள்ளும் அந்த மனிதருக்கு உலகத்தில் ஒரே விரோதிதான்: ஒழுகுகிற இணைப்பு. குழாய் மூட்டில் ‘உஸ்’ என்று சத்தம் கேட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. வேலையில் சூரப்புலி, வீட்டில் வாயில்லாப் பூச்சி. கல்யாணமே நாற்பதைத் தாண்டித்தான் நடந்தது. மனைவியோடு, அவளுடைய எட்டு வயது மகளும் வந்தாள்.

மகள் மரியாதையில் குறை வைக்கவில்லை. ஆனால் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட மாட்டாள். ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று இருமுவாள். முதல் மாதம் அவர் பதறிப்போய் இருமல் மருந்து வாங்கி வந்தார். பிறகு புரிந்தது. ‘அப்பா’ என்ற ஒரு வார்த்தைக்கு மனுஷர் ஏங்கித்தான் போனார். கேட்டு வாங்குகிற பொருளா அது என்று வாயை மூடிக்கொண்டிருந்தார்.

பேச்சு வளர்ந்தது பிளாஸ்டிக் கட்டைகளால். அவற்றை அடுக்கி ஊர் கட்டி, அதை வைத்துத் தோழிகளுக்குக் கதை சொல்வது அவள் வழக்கம். இந்தத் தடவை விக்டோரியா காலத்து ஊர். கூர்மையான கூரைகள், பல்சக்கரங்கள், மணிக்கூண்டு, எல்லாம் நீராவியில் ஓடும். ஸ்டீம்பங்க் என்று பெயராம். ஒரு சாயங்காலம் வந்து இருமினாள்.

“ஊரே நீராவியில ஓடணும்னா பாய்லர எங்க வைக்கணும்?”

அதைக் கேட்டதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் வீட்டுக் கூடத்துத் தரையில்தான் இருவரும். ஆற்றோரம் பாய்லர் வைத்தார், தெருவெல்லாம் குழாய் போட்டார், வீட்டுக்கு வீடு பாதுகாப்பு வால்வு வைத்தார்.

“பேக்கரிக்கு எதுக்கு வால்வு?”

“வெடிச்சா பன்னு என்னாகும்?”

அவள் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளியில் அவள் கதை சொல்ல வேண்டும். பஸ்ஸில் ஆடி ஆடிப் போனால் ஊரின் மூட்டெல்லாம் கழன்றுவிடாதா? தன்னுடைய வார விடுமுறை நாளில், அவள் பள்ளிக்குப் போன நேரம் பார்த்து, அவர் ஒரு கட்டை விடாமல் பசை போட்டு ஒட்டிவிட்டார். வேறு யாருக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

மகள் வந்தாள். பாலத்தைப் பிரிக்கப் பார்த்தாள். ஊரே சேர்ந்து எழுந்தது.

“பாலம் பிரிஞ்சாத்தான் ஆகாயக் கப்பல் செய்ய முடியும். அதுதான் கதையே” என்று மெல்லச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள். அதன்பிறகு பக்கத்தில் வரவும் இல்லை, இருமவும் இல்லை.

“பொம்மையக்கூட விட்டுவைக்க மாட்டீங்களா?” என்றாள் மனைவி.

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். ஒட்டிப்போன மூட்டுக்கு ஆவி காட்டிக் கழற்றுவது அவருக்குக் கைவந்த கலை. பாலம் பிரிந்தது. அந்தத் தைரியத்தில் மணிக்கூண்டையும் ஆவியில் காட்டினார். அது கழன்றாலும் இளகிக் கோணிக்கொண்டது. அதைக் கையில் ஏந்தி அவள் அறை வாசலில் போய் நின்றார். இருமினார்.

“பாலம் பிரிஞ்சிடுச்சும்மா. இது மட்டும் கோணிப் போச்சு. தப்பு என்மேலதான்.”

அவள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை வேலை உடுப்போடு வகுப்பின் பின்சுவர் ஓரமாக நின்றார். கதையில் பாலம் பிரிந்து கப்பலாகிப் பறந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். முன்வரிசைச் சிறுமி ஒருத்தி கேட்டாள்: “மணிக்கூண்டு ஏன் கோணலா இருக்கு?”

அவர் தரையைப் பார்த்தார்.

“அது எங்கப்பா பண்ணின வேலை” என்றாள் மகள், அலுத்துக்கொண்டு. “ஊர் முழுக்கப் பசை போட்டுட்டார். அப்புறம் ஆவியக் காட்டி வளைச்சுட்டார். எங்கப்பா எப்பவுமே இப்படித்தான்.”

வகுப்பே சிரித்தது. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற டீச்சர் சங்கடத்தோடு, “சின்னப் பொண்ணு, ஏதோ சொல்லிட்டா. மனசுல வச்சுக்காதீங்க” என்றார்.

“இல்லைங்க” என்றார் அவர். “அவ சொன்னது அத்தனையும் உண்மைங்க.”