என் நாக்கும் மிஸ்ஸியின் அந்தூரியமும்

எங்கள் கிணற்றடிச் சுவரில் ஒரு பூவாளி தொங்குகிறது. பச்சை பூசிய தகரம், மூக்கில் பித்தளைச் சல்லடை. கைப்பிடியில் வெள்ளைத் துணி சுற்றியிருக்கும், காயத்துக்குக் கட்டுப் போட்டதுபோல், ஓரம் மடித்து, பிசிறில்லாமல். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஐம்பதைத் தாண்டியவன், அரசாங்கக் கந்தோரில் பத்துப் பேரின் விடுமுறைக் கடிதத்தில் கையெழுத்து வைக்கிறவன், போன வருடம் மழையில்லாத கச்சான் காற்று வீசிய மாதங்கள் முழுவதும் ஒரு விஷயத்தை முழுமனதோடு நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுப் பூச்சாடிகள் என் நாக்குப் பட்டுத்தான் கருகுகின்றன என்று.

பக்கத்து வீட்டில் மிஸ்ஸி இருந்தார். நாவற்குடாவில் எங்கள் ஒழுங்கையின் முதல் வீடு அவருடையது, இரண்டாவது எங்களுடையது. எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஆஸ்பத்திரியை விட்டு இளைப்பாறி வெகு காலமாகியும் அந்தப் பெயர் இளைப்பாறவில்லை. கலியாணம் செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெதடிஸ்த கோயிலுக்குப் போவார். மற்ற ஆறு நாளும் விறாந்தையில் முப்பத்தாறு பூச்சாடிகளோடு இருப்பார். அவற்றுக்குக் கட்டில் நம்பர் உண்டு. ‘ஏழாம் கட்டிலுக்கு இலைப்புள்ளி,’ ‘பன்னிரண்டாம் கட்டில டிஸ்சார்ஜ் பண்ணி வெயிலுக்கு விட்டாச்சு’ என்பார். காலையும் மாலையும் வார்டு சுற்றுவதுபோல் ஒரு சுற்று. இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்ப்பார், தேங்காய்ப் பொச்சுத் துண்டுகளுக்கிடையில் விரலை விட்டு ஈரம் பார்ப்பார். கச்சான் காலத்தில் எங்கள் கிணறுகள் உவர்த்துவிடும், அந்தத் தண்ணீர் அந்தூரியத்துக்கு ஆகாது. ஆகவே தன் வாசல் படலையடிக் குழாயில் பூவாளியை நிரப்பி, படியேறி, பதினைந்து பதினாறு நடை நடப்பார். குழாய்க்கு ரப்பர் ஓஸ் பூட்டித் தருகிறேன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, ‘பூச்சாடிக்கு ஓஸ் பிடிக்கிறது, காய்ச்சல்காரனுக்கு வாளியால மருந்து பருக்குற மாதிரி தம்பி’ என்றார்.

நான் பகிடிக்காரன் என்று ஊரில் பெயர். மிஸ்ஸி என் பகிடிக்குச் சிரிக்கமாட்டார். காதில் வாங்கி, இரண்டு அடி நடந்து, பிறகு முதுகு குலுங்க நிற்பார். அந்த முதுகுக்காகவே நான் தினமும் கந்தோருக்குப் போகும் வழியில் படலையில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஏதாவது சொல்லிவிட்டுப் போவேன். அப்படித்தான் அந்தக் காலையும் நிறுத்தினேன். ஏழாம் கட்டில் அந்தூரியம் ஒரே நேரத்தில் பதினொரு பூ விரித்து, செம்பு விளக்குப்போல் மினுங்கிக்கொண்டு நின்றது. ‘மிஸ்ஸி, இது இன்னும் ரெண்டு நாளில படியிறங்கிப் போய்த் தனக்கு மாப்பிள்ளை பார்த்திரும்’ என்றேன். மிஸ்ஸி இரண்டு அடி நடந்தார், முதுகு குலுங்கியது. நான் வெற்றியோடு கந்தோருக்குப் போனேன்.

இரண்டு கிழமையில் அந்த அந்தூரியத்தின் இலைகள் ஓரம் கருகிச் சுருண்டன. பிறகு எட்டாம் கட்டில். பிறகு படியோரத்துப் பிகோனியாக்கள் வரிசையாக. வீட்டில் சொன்னேன். மனைவி சுளகிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை.

‘அண்டைக்கு என்ன சொன்னீங்க அதப் பாத்து?’

சொன்னேன்.

‘மச்சாண்ட முருங்கையப் பாத்து என்ன சொன்னீங்க?’

முருங்கையை மறந்தே போயிருந்தேன். ‘இது முருங்கையா, டெலிபோன் கம்பமா’ என்று கேட்டு மூன்றாம் நாள் அது முறிந்து விழுந்தது.

‘கந்தோர்ல அந்த போட்டோக்கொப்பி மெசின்?’

அதையும் புகழ்ந்திருந்தேன். அடுத்த நாள் புகை வந்தது.

‘நாவூறு, வேறென்ன. உங்கட வாய் அப்பிடி’ என்று அவள் அரிசியைப் புடைக்கத் தொடங்கினாள். காற்றுக்கு முறியாத முருங்கை உலகத்தில் இல்லை என்பதும், அந்த மெசின் எங்கள் எல்லோரையும்விடப் பழையது என்பதும் அப்போது ஏன் என் மூளைக்கு எட்டவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். எட்டவில்லை. கண்ணாடி முன் நின்று நாக்கை நீட்டிப் பார்த்தேன். நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி இருந்தது. பல் துலக்கிய பிறகு இல்லை. நாவற்பழம் தின்ற ஞாபகம் அதற்குப் பிறகுதான் வந்தது.

பரிகாரம் தேடினேன். வெள்ளிக்கிழமை அமிர்தகழிக் கோயிலுக்குப் போய்த் திருநீறு வாங்கி, கடதாசியில் மடித்து, விடியற்காலையில் வேலிக்கு மேலால் மிஸ்ஸியின் பூச்சாடிகளை நோக்கி ஊதினேன். மெதடிஸ்த பூவுக்குச் சைவத் திருநீறு வேலை செய்யுமா என்ற சந்தேகம் ஊதிய பிறகுதான் வந்தது. காற்று வேறு எதிர்ப்பக்கம். பாதி என் கண்ணுக்குள் போயிற்று. காலையில் மிஸ்ஸி வேலியோரம் வந்து, ‘தம்பி, ஆரோ எங்கட போகன்விலாவுக்குச் சாம்பல் போட்டிரிக்காங்க. கறையானுக்காக்கும், நல்ல மனுசர்’ என்றார். என் கண் சிவந்திருப்பதைப் பார்த்து, கொதித்தாறிய தண்ணீரில் கழுவச் சொன்னார். அவர் வலது கையை மற்றக் கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அதையும் பார்த்தேன். பார்த்து, பூச்சாடிப் பக்கம் கண் போய், வாய் ஏதும் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் தலையைக் குனிந்துகொண்டேன்.

அதன் பிறகு அந்தப் படலையைத் தவிர்த்தேன். ஒழுங்கையின் மறுபக்கம் இறங்கி, வாவிக்கரையால் சுற்றிக் கந்தோருக்குப் போனேன். மனைவிக்கே அது கூடுதலாகப் பட்டது. ‘நான் சும்மா ஒரு சொல்லுக்குச் சொன்னா, இந்த மனுசன் ரோட்டையே மாத்திற்றார்’ என்று தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என் மனதுக்குள் ஒரு தியாகி. ஊரிலேயே நல்ல பகிடியை அடக்கி வைத்துக்கொண்டு, ஒரு வயதான மனுசியின் பூக்களைக் காப்பாற்றுகிற ஆள்.

ஒரு நாள் அவசரத்தில் பழைய வழியால் போக வேண்டி வந்தது. மிஸ்ஸி விறாந்தையில் நின்றார். கையில் பூவாளி இல்லை. ஒரு சின்னப் பால்மா டின்னை இடது கையில் பிடித்து, ஒவ்வொரு சாடிக்கும் ஒரு மிடறு அளவு ஊற்றினார். ஊற்றிவிட்டு நின்றார். உதடு அசைந்தது. பிறகு அடுத்த சாடி. மந்திரித்த தண்ணீரை இடது கையால்தான் தெளிப்பார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். ஆகா, மிஸ்ஸிக்கும் விஷயம் விளங்கிவிட்டது, தேவாலயத்திலிருந்து செபித்த தண்ணீர் கொண்டுவந்து நாவூறு கழிக்கிறார் என்று எனக்கு ஒரே நிம்மதி. அவர் என்னைக் கண்டுவிட்டார்.

‘தம்பி, ஒருக்கா வந்திற்றுப் போங்களன்.’

‘வாறன் மிஸ்ஸி, வாறன்’ என்று கண்ணை ரோட்டில் வைத்துக்கொண்டே கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனேன்.

போகவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு முறை வேலிக்கு மேலால் குரல் கேட்டது. இரண்டு முறையும் ‘வாறன்’ என்றேன்.

கச்சான் ஓயும் காலத்தில் ஒரு பகல் மிஸ்ஸியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று கந்தோரில் இருக்கும்போது கேள்விப்பட்டேன். பார்க்கப் போனேன். அவர் பல வருடம் வேலை செய்த வார்டிலேயே படுக்க வைத்திருந்தார்கள். வலது கை தோளிலிருந்து விரல் வரை வீங்கி, தலையணை மேல் தனியாக ஒரு ஆளைப்போல் கிடந்தது. முகம் மட்டும் தெளிவாக, இளமையாகக்கூட இருந்தது. ‘மிஸ்ஸி, கட்டில் நம்பர் என்ன?’ என்று கேட்க வாய் வந்தது. ‘முகம் நல்லா இரிக்கே’ என்று சொல்லவும் வாய் வந்தது. இரண்டையும் விழுங்கினேன். பூவுக்கே அப்படியென்றால் மனுசிக்கு என்ன ஆகும்.

‘என்ன தம்பி, வாய் பேசாம இரிக்கீங்க. பகிடி ஒண்டும் இல்லையா?’ என்றார்.

‘ஒண்டும் இல்ல மிஸ்ஸி.’

சுற்றியிருந்த தாதிப் பிள்ளைகள் அவருக்குப் பால் கரைத்துக் கொடுத்தார்கள். நான் எழும்பி வந்தேன். ஐந்தாம் நாள் அவர் போய்விட்டார். நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. புகழவில்லை, சிரிக்க வைக்கவில்லை. நாக்கு அவ்வளவு சுத்தமாக இருந்தும் போய்விட்டார்.

அடக்கம் முடிந்த கிழமை, திருகோணமலையிலிருந்து வந்திருந்த அவருடைய தம்பியின் மகள் வீட்டை ஒதுக்கிக்கொண்டிருந்தாள். காய்ந்த சாடிகளை நானும் தூக்கிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை சொல்லித்தான் தெரியும். மார்பில் கட்டி இருந்ததை மிஸ்ஸி ஒரு வருடமாக ஒருவருக்கும் சொல்லவில்லை. எத்தனையோ பேருக்கு அதே கட்டியைப் பக்கத்தில் நின்று பார்த்தவருக்கு, தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தது. கச்சான் தொடங்கும்போதே வலது கை உயராமல் போயிருக்கிறது.

‘பூவாளியத் தூக்க ஏலாதாம். சின்ன டின்னால ஊத்துறாவாம். நடுவில இளைச்சுப்போய் நிண்டு, எத்தினை சாடி ஊத்தினன் எண்டு எண்ணிப் பாப்பாவாம். நான் போன்ல சொன்னன், பக்கத்தில ஆரையும் கூப்பிடுங்க மாமி எண்டு. “கூப்பிட்டனான் புள்ள, அவருக்குக் கந்தோர்ல வேலை கூட” எண்டா.’

யாரைக் கூப்பிட்டார் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நான் சொல்லவும் இல்லை. புறப்படும்போது அவள் பூவாளியை என்னிடம் தந்தாள். கைப்பிடியில் சுற்றியிருந்த துணி ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி. கை வழுக்காமலிருக்கச் சுற்றியது.

முப்பத்தாறில் ஒன்று பிழைத்தது. ஏழாம் கட்டில்தான். இலையெல்லாம் போய்க் குச்சியாக நின்றதை எங்கள் விறாந்தைக்குக் கொண்டுவந்து வைத்தேன். காலையில் அந்தப் பூவாளியால் தண்ணீர் ஊற்றி, பக்கத்தில் நின்று வாய் நிறையப் புகழ்கிறேன். இந்த ஊரில் இப்படியொரு அழகி இல்லை என்கிறேன், மாப்பிள்ளை ரெடி என்கிறேன். மனைவி குசினிக்குள்ளிருந்து எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்குத் திரும்புகிறாள். இந்தக் கச்சானுக்கு நான்கு பூ விரிந்திருக்கிறது. ஓரம்கூடக் கருகவில்லை.

மிஸ்ஸியின் பூக்கள் தண்ணீர் இல்லாமல் செத்தன. படலையடிக் குழாயிலிருந்து அவருடைய விறாந்தைக்கு இருபது அடி. எங்கள் வீட்டு வாசலிலிருந்து அந்தக் குழாய்க்கு நாற்பது அடி இருக்கும்.