பராக்கும் மீனெண்ணெய்க் குப்பியும்

திரைச்சீலை தைக்கும் கடையில் அவளுக்குப் பராக்கு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. கைவேலையில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் வெளிர்நீலத் துணியை மேசையில் விரித்தால் அதன்மேல் ஜன்னல் வெயில் மெல்ல ஊர்ந்து போகும். அவள் மனமும் கூடவே கிளம்பிவிடும். கத்தரிக்கோல் பாதித் துணியில் நிற்கும். யாராவது தோளைத் தட்டினால்தான் கடைக்குத் திரும்பி வருவாள்.

அப்படிக் கிளம்பிப்போன ஒரு பிற்பகலில்தான் ஏழு வயது மகள் பள்ளி வாசலில் ஒன்றரை மணி நேரம் நின்றாள். மறுநாளிலிருந்து பிள்ளையை அழைத்துவரும் வேலையைக் கணவன் எடுத்துக்கொண்டான். அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம் என்றிருந்தது அவளுக்கு. அந்த ஒரு வேலை தன் கைக்குத் திரும்பி வந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம்.

அதன்பிறகு போய்ப் பார்த்த டாக்டரம்மா அவளுடைய பராக்குக்கு ஏடிஎச்டி என்கிற கவனக் குறைபாடு என்று பெயர் சொன்னார். சின்ன வயதிலிருந்தே கூட இருந்ததாம், நாற்பதில்தான் பிடிபட்டதாம். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மீனெண்ணெய், துத்தநாகம், இரும்புச்சத்து என்று கேள்விப்பட்டதையெல்லாம் இவள் ஒப்பித்தாள். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்:

"மீனெண்ணெய் சிலருக்குக் கொஞ்சம் உதவலாம். சாப்பிட்டுப் பாருங்க. மத்ததெல்லாம் உடம்புல குறைஞ்சிருந்தாதான். உங்களுக்குக் குறையலை. எதைச் சாப்பிட்டாலும் நான் குடுத்த மாத்திரையை விட்டுடாதீங்க."

கவனத்துக்கு வாங்கியதைச் சாப்பிட்டோமா இல்லையா என்பதே கவனத்தில் நிற்கவில்லை என்றால் யாரிடம் போய் முறையிடுவது? அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். மீனெண்ணெய்க் குளிகையை விழுங்கியதும், சாப்பிட்டாயிற்று என்பதற்கு அடையாளமாகக் குப்பியைத் தலைகீழாக நிறுத்திவிடுவாள். கணவனோ செருப்பைக்கூட அளவெடுத்து அடுக்குகிற ஆள். கவிழ்ந்த குப்பியை நிமிர்த்தி வைக்காமல் அவனுக்குத் தண்ணீர் இறங்காது. இவள் வந்து பார்ப்பாள், குப்பி நிமிர்ந்திருக்கும், இன்னொன்றை விழுங்குவாள். இரண்டு வாரம் கடை முழுக்க மீன் ஏப்பம்.

"ஏங்க, குப்பியை யாரு நிமித்தி வைக்கிறது?"

"நான்தான். தினமும் கவுந்து கிடக்குதே."

விஷயம் புரிந்து இருவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் அவள் கேட்டுவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை ஒரு நாள் நான் போய்க் கூட்டிட்டு வரட்டுமா?"

அவன் குப்பியைத் தானே கவிழ்த்து வைத்தான். பிறகு, "சரி, போ. நான் போன் போட்டு ஞாபகப்படுத்த மாட்டேன்," என்றான்.

வெள்ளிக்கிழமை காலை, இன்றைக்கு நான்தான் வருவேன் என்று மகளிடம் சொல்லி அனுப்பினாள். மதியமே கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். மேகங்கள் தெருவோடு கூடவே நடந்தன. மாடியில் காய்ந்த போர்வை ஒன்று காற்றில் உப்பி, வா வா என்றது. நின்றாள். பிறகு நடந்தாள். மாத்திரையா, மீனெண்ணெயா, பயமா, எது தன்னை நடக்க வைத்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. மணி அடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தபோதே பள்ளி வாசலில் நின்றாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் முகம் தேடி ஓடி வந்தார்கள். அவள் மகள் மட்டும் வாசல் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் படிக்கட்டுக்குப் போய் உட்கார்ந்து, பையைத் திறந்து, மதியம் சாப்பிடாமல் எடுத்து வைத்திருந்த பாதி ரொட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கதைப் புத்தகத்தை விரித்தாள்.

அவள் கூப்பிடாமல் அருகில் போய் நின்றாள். நிழல் விழுந்ததும் மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதுக்குள்ள வந்துட்டியாம்மா?"