தனிய

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அம்மா குசினியில் சமைத்துக்கொண்டிருக்கும்போது வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். விசா இல்லாததால் அப்பா அப்போது வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்தார். என்னை, நாங்கள் குடியிருந்த வென்ட்வேர்த்வில்லில், பக்கத்து வீட்டு அன்ரிதான் பார்த்துக்கொண்டார். சனிக்கிழமை தோறும் அப்பாவைப் பார்க்கப் போகும் வழக்கமும் நின்றுபோயிருந்தது. ஆஸ்பத்திரிக்கு அம்மாவைப் பார்க்கப் போனபோதெல்லாம், கதிரையில் உட்காரப் பொறுக்காமல் அவருடைய கட்டிலையே சுற்றிச் சுற்றி வந்தேன்.

ஒரு வெள்ளிக்கிழமை, நடக்கப் பழக்கும் பிசியோ பெண் வந்தார். மொழிபெயர்ப்பாளர் வரத் தாமதமாகும் என்றதும் அம்மாவுக்கும் பொறுக்கவில்லை.

"நீயே கேட்டுச் சொல்லு பிள்ளை."

அன்எய்டட் ஆக நடந்தால் அன்றே வீட்டுக்குப் போகலாம் என்றார் பிசியோ. அந்தச் சொல்லின் அர்த்தம் எனக்குத் தெரியும். ஒருவரும் பிடிக்காமல், தானாகச் செய்வது. எங்கள் வீட்டுத் தமிழில் அதற்கு என்னிடம் இருந்தது ஒரே ஒரு சொல்தான்.

"அம்மா, நீங்கள் தனிய எழும்பி நடப்பீங்களோ எண்டு கேக்கிறா."

அம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"தனியத்தானே எழும்புறன். தனியத்தானே சமைக்கிறன், படுக்கிறன். எனக்கு வேற ஆர் இருக்கினம்?" அவருடைய கண் கலங்கியது.

என்ன சொல்கிறார் என்று பிசியோ கேட்டார்.

"யெஸ்," என்றேன்.

பிசியோ மகிழ்ந்துபோய், அம்மா பிடித்து நடக்கும் வாக்கரைத் தள்ளி வைத்தார். அம்மா திகைத்துப்போனார்.

"நடவுங்கோ அம்மா! நடந்தால் நாளைக்கு அப்பாவைப் பாக்கலாம்!"

அம்மா எழுந்தார். பிடிக்கப் போன என்னைப் பிசியோ கையமர்த்தினார். அம்மா வியர்க்க வியர்க்க, உதட்டைக் கடித்துக்கொண்டு, கை கழுவும் தொட்டி வரை போய்த் திரும்பினார். நான் துள்ளினேன்.

மறுநாள் அன்ரி எங்களை வில்லாவுட்டுக்குக் காரில் கூட்டிப்போனார். மேசைக்கு அந்தப் பக்கம் அப்பா. அம்மாவின் காலைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஆர் பிடிச்சு நடத்தினது?"

"ஒருத்தரும் இல்லை. தனியத்தான் நடந்தனான்," என்றார் அம்மா, பெருமையோடு.

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். சரியாகக் கேட்கவில்லையாக்கும் என்று நினைத்து, அவருடைய கையைப் பிடித்து உலுக்கினேன்.

"உண்மையாத்தான் அப்பா! தனிய!"

அவர் நிமிரவேயில்லை. இவ்வளவு நல்ல செய்திக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று வீடு வந்து சேரும்வரை அவர்மேல் கோபமாக இருந்தேன்.