குருவிநத்தம் கரும்புக்காட்டில் ஒரு ஷார்ட் மேக்னம் விசாரணை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஏரியும் இல்லை, கோயிலும் இல்லை. ஒரு துப்பாக்கித் தோட்டா. சிரிக்காதீர்கள். பொங்கல் முடிந்த வாரம், பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வில்லியனூர் வந்திருந்த என் அண்ணன் பாஸ்கல், மூன்று நாளாக அந்தத் தோட்டாவைப் பற்றியே பேசி என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார்.

அங்கே அவர் வேட்டை லைசென்ஸ் வைத்திருப்பவர். ஞாயிறுதோறும் ஊர்க்காரர்களோடு காட்டுப்பன்றி வேட்டைக்குப் போவார். நாய்கள் பன்றியைக் காட்டுக்குள்ளிருந்து விரட்டும், இவர்கள் வெளியே வரிசையாக நின்று சுடுவார்கள். கார்த்திகை மாதத்தில் அவர் சுட்ட ஒரு பன்றி காயத்தோடு ஓடிவிட்டது. இரண்டு நாள் நாயை வைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. "எங்க கெடந்து துடிச்சிதோம்மா" என்று அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். தூக்கமும் சரியில்லை என்று அண்ணி போனில் சொன்னார்.

பழைய ரைஃபிளின் குண்டுக்கு வேகம் போதவில்லை என்பது அண்ணன் கட்சி. அதனால் ஷார்ட் மேக்னம் தோட்டா போடும் ரைஃபிள் வாங்கப்போகிறார். அந்தத் தோட்டா குட்டையாக, தடியாக இருக்கும்; உள்ளே வெடிமருந்து அதிகம். குண்டு வேகமாகப் போகும், ரைஃபிளும் கொஞ்சம் எடை குறையும். கடைக்காரர் அப்படியொரு ரைஃபிளை எடுத்துவைத்திருக்கிறார், திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்னொரு மிருகத்தை அப்படித் துடிக்க விடமாட்டேன் என்பதுதான் அவர் பிடிவாதம். "தோளை பயங்கரமா இடிக்குமாமே?" என்று கேட்டேன். "அதெல்லாம் பழகிடும்" என்றார்.

இந்தப் பேச்சிலிருந்து தப்பிக்கத்தான் சனிக்கிழமை மதியம் அவரைக் குருவிநத்தம் கிளப்பினேன். பள்ளியில் அண்ணனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த கலியமூர்த்தி அங்கே கரும்பு போட்டிருக்கிறார். வாடகை ஸ்கூட்டர் ஒரு நாளுக்கு நானூறு ரூபாய், பெட்ரோல் நூற்றைம்பது. 2.40க்குப் புறப்பட்டு, கரிக்கலாம்பாக்கம் வழியாகப் பாகூர் வந்தபோது மணி 3.25. ஏரி நிரம்பிக் கிடந்தது. கரையில் டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தட்டிப் போட்டது, அருமை. அண்ணன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, "அந்தப் பனமரம் முந்நூறு மீட்டர் இருக்குமா? ஷார்ட் மேக்னம்னா..." என்று ஆரம்பித்தார். கடவுளே! வண்டியைக் கிளப்பிவிட்டேன். 4.05க்குக் குருவிநத்தம். மீட்டரில் மொத்தம் இருபது கிலோமீட்டர்.

கலியமூர்த்தியின் கரும்பைச் சுற்றிப் பழைய புடவைகளை வேலியாகக் கட்டியிருந்தார்கள். ஆற்றுப்பக்கமிருந்து பன்றிகள் வருகின்றன; புடவையைக் கண்டால் ஆள் நிற்பதாக நினைத்து ஒதுங்குமாம். இங்கே வேட்டைக்குத் தடை. அதனால் புடவை, பிறகு பொழுது சாயும் நேரத்தில் வெடி. அவ்வளவுதான் அவர் ஆயுதம்.

அண்ணன் தோட்டாக் கதையை முழுதாகச் சொன்னார். தோளைப் பலமாக இடிக்கும் என்பதை மட்டும் நான் சேர்த்துச் சொன்னேன். கலியமூர்த்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். பன்னி எவ்ளோ தூரத்துல வந்துச்சி?" என்றார்.

"இதோ, இங்கேர்ந்து அந்தப் பச்சைப் புடவை தூரம்."

கலியமூர்த்தி வரப்பில் நடந்தே போய் எண்ணினார். நாற்பத்திரண்டு தப்படி வந்தது. "இன்னாடா இது! நாப்பது தப்படிக்கு இன்னாத்துக்குடா அவ்ளோ வேகம்? பழைய குண்டு வழியில இன்னா டீ குடிக்கவா நின்னுச்சி?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அண்ணனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு கரும்பை உடைத்துத் தோளில் ரைஃபிள் மாதிரி வைத்து, புடவையைக் குறிபார்த்து, தான் நின்ற விதத்தைக் காட்டினார். மணி ஆறாகப் போகிறது. கலியமூர்த்தி வரப்போரத்தில் அன்றைய முதல் வெடியைப் பற்றவைத்து, "சரி, இது வெடிக்கும்போது சுடு பாக்கலாம்" என்றார். திரி புசுபுசுவென்று எரிந்து, அப்படியே அணைந்துபோனது. நமுத்த வெடி.

ஆனால் அண்ணன் இரண்டு கண்ணையும் இறுக மூடியிருந்தார். வலது தோள் பின்னால் போயிருந்தது. கரும்பின் நுனி புடவையை விட்டு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வெடிக்கவே இல்லடா" என்றார் கலியமூர்த்தி. இந்தத் தடவை அவர் குரலில் கிண்டல் இல்லை.

அண்ணன் கரும்பைக் கீழே வைத்துவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்தார்.  பிறகு, "அன்னிக்கும் மூடிட்டேன்டா. ரெண்டு வருஷமாவே மூடுறேன். தோள்ல அடிக்குமேன்னு பயம். யார்கிட்ட சொல்றது?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம், இத்தனை நாளாக அந்தப் பாரத்தைத் தோட்டாவின் தலையில் ஏற்றிக்கொண்டு திரிந்திருக்கிறார்.

கலியமூர்த்தி பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளில் கைபோட்டார். "புதுசு இன்னும் பலமா இடிக்கும்னு தங்கச்சி சொல்லுதே. அப்ப இன்னும் சீக்கிரமா இல்ல மூடுவ?"

வில்லியனூர் திரும்பியதும் அண்ணன் கடைக்குச் செய்தி அனுப்பினார். வேண்டாம் என்று ஒரே வரி.

இந்தப் பக்கம் வருகிறவர்களுக்கு: தை மாதம் நல்லது, ஏரியில் தண்ணீரும் பறவையும் இருக்கும். பாகூரைத் தாண்டினால் சாப்பாட்டுக் கடை குறைவு, அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்குள் திரும்புங்கள், சாலையில் கரும்பு டிராக்டர்கள் விளக்கில்லாமல் வரும். வெளிநாட்டில் ரைஃபிள் தூக்கும் உறவினர் யாருக்காவது இருந்தால், எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மலைச்சரிவில் வெகுதூரம் நடந்து, வெகுதூரத்தில் சுடுகிறவருக்கு, அந்த இடியைத் தாங்கும் தோளும் இருந்தால், ஷார்ட் மேக்னம் பிரயோஜனப்படலாம். நாற்பது தப்படிக்கு வேண்டாம். எதை வாங்குவதற்கு முன்பும், சுடும்போது தன் கண்ணைப் பார்க்கச் சொல்லி ஒருவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளட்டும்.

அண்ணன் ஊருக்குப் போய், வாரா வாரம் காலி ரைஃபிளில் குறிபார்த்துப் பழகினார். மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு செய்தி வந்தது: "இன்னிக்குப் பன்னி வந்துச்சி. முப்பது தப்படிதான். கண்ணு மூடப் பாத்துச்சி. சுடல. வுட்டுட்டேன்."

அதைக் கலியமூர்த்திக்கு அனுப்பினேன். அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது. "அவன்கிட்ட சொல்லு தங்கச்சி, அந்தப் பன்னி பத்திரமா வந்து சேந்துடுச்சி. என் கரும்பதான் தின்னுது."

அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். போனில் விழுந்து விழுந்து சிரித்தார். கார்த்திகைக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.