வலி போய்விட்டது என்று மைக்கில் சொன்னவர்

பகல் முழுக்கப் பனியனை அயர்ன் பண்ணிவிட்டு, பொழுது சாய்ந்ததும் தன்னையே அயர்ன் பண்ணிக்கொள்ளப் போகிற மனுஷன் உலகத்திலேயே நீங்கள் ஒருத்தர்தான் என்று என் வீட்டுக்காரரைக் கேலி பேசுவேன். அவர் சிரிப்பார். பதில் சொல்ல மாட்டார். எங்கள் வீட்டில் பேச்சு முழுக்க என் பங்கு. அவர் வாயிலிருந்து வருவது திருப்பூர்க் குழாய்த் தண்ணீர் மாதிரி, என்றைக்காவது ஒருநாள் வரும்.

அவர் போனது நெருப்பெரிச்சல் மெயின் ரோட்டில் பேக்கரிக்கு மேல் மாடியில் இருந்த கல் கட்டில் சென்டருக்கு. வரிசையாகக் கட்டில்கள் போட்டிருப்பார்கள். கட்டிலுக்குள் சூடான கல் உருளைகள் கழுத்திலிருந்து இடுப்பு வரைக்கும் மேலும் கீழும் ஓடும். நாம் மல்லாந்து படுத்தால் போதும். முதுகு வலி, முட்டி வலி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் படிப்படியாகக் குறையும் என்று சுவரில் படம் போட்டு எழுதியிருந்தார்கள். காசு கிடையாது. பிடித்தால் கட்டிலை விலைக்கு வாங்கலாம், வாங்காவிட்டாலும் தினமும் வந்து படுக்கலாம், யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

ஆனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். படுப்பதற்கு முன்னால் யாராவது எழுந்து மைக்கைப் பிடித்து அனுபவம் சொல்ல வேண்டும். எனக்கு இன்ன வலி இருந்தது, இங்கே வந்தேன், இப்போது இல்லை. சொல்லி முடித்ததும் எல்லோரும் சேர்ந்து கைதட்டுவார்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணமான கையோடு இந்த ஊருக்கு வந்தோம். அவர் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர், நான் இன்னொரு கம்பெனியில் துணியில் குறை பார்க்கிற செக்கிங். அயர்ன் டேபிளில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. ஸ்டீம் முகத்தில் அடிக்க, ஒரு காலால் பெடலை மிதித்துக்கொண்டு நின்றபடியே பீஸ் பீஸாகத் தள்ள வேண்டும். அதனால் அவருக்கு முதுகு வலி வந்தபோது நாங்கள் யாரும் ஆச்சரியப்படவில்லை. அயர்ன்காரனுக்கு முதுகு வலி வராமல் பின்னே யாருக்கு வரும்?

திருப்பூரில் வலி என்று வாயைத் திறந்தால் போதும், தெருவே வைத்தியராகிவிடும். கம்பெனியில் ஒருத்தர் வர்மம் தட்டச் சொன்னார். சர்ச்சில் ஒரு அக்கா, கையைத் தொட்டே குணமாக்குகிற ஆளிடம் கூட்டிப் போகிறேன் என்றார். பக்கத்து வீட்டு பீகார்க்காரத் தம்பி கடுகெண்ணெய் கொண்டுவந்து கொடுத்தான். நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான், ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு படம் எடுங்கள் என்று. ஷிப்மெண்ட் முடியட்டும் என்றார். திருப்பூரில் ஷிப்மெண்ட் எப்போது முடிந்திருக்கிறது? கடைசியில் கூட வேலை செய்கிற ஒருத்தர் கல் கட்டிலுக்குக் கூட்டிப் போனார். முதல் நாளே அசந்து தூங்கிவிட்டாராம். யோசித்துப் பார்த்தால், ராத்திரித் தூக்கத்தைத் தவிர அந்த மனுஷன் மல்லாந்து படுத்தது அங்கே மட்டும்தான்.

கொஞ்ச நாளில் நடையே மாறிவிட்டது. வலி குறைகிறது என்றார். நானும் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனேன். அன்றைக்குப் பார்த்து சென்டரை நடத்துகிற பெண் அவரிடம் மைக்கை நீட்டினாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சர்ச்சில் சாட்சி சொல்ல போதகர் ஐயா எத்தனையோ முறை கூப்பிட்டும் தூணுக்குப் பின்னால் ஒளிகிற ஆள் இவர். ஆனால் எழுந்தார். மைக்கை இரண்டு கையாலும் பிடித்தார். "நான் அயர்ன் மாஸ்டர். குனிஞ்சா நிமிர முடியாது. இங்க வந்த பொறவு வலி போயிட்டு" என்றார். அவ்வளவுதான். அவர்கள் தட்டிய தட்டலில் அவர் முகம் பூரித்ததைப் பார்க்க வேண்டுமே. எங்கள் கல்யாணத்தில்கூட அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. எந்தக் கம்பெனியில் அவருக்கு யார் கைதட்டினார்கள்? எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அதற்குப் பிறகு அவர் ஆள் சேர்க்க ஆரம்பித்தார். முதலில் கூட்டிப் போனது நாங்கள் குடியிருக்கும் லைன் வீட்டுச் சொந்தக்கார அக்காவை. அவர் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தோட்டம் இருந்த இடத்தில்தான் எங்கள் வீடுகளைக் கட்டிவிட்டிருந்தார். முட்டி வலியால் வாசற்படி ஏறவே திணறுவார். "தம்பி சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்" என்று கூடவே கிளம்பினார். அடுத்த வாரமே அந்த அக்காவும் மைக்கைப் பிடித்து, "தம்பி கூட்டியாந்தாருங்க, இப்ப முட்டி நோவே இல்லீங்க" என்றாராம். அன்று இரவு என் வீட்டுக்காரர் அந்தக் கதையைச் சாப்பாட்டுக்கு நடுவில் திரும்பத் திரும்பச் சொன்னார். தனக்கு வலி போனதைவிட அந்த அக்காவுக்குப் போனதில்தான் அவருக்குப் பெருமை.

அப்புறம் சில மாதம் கழித்து அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எழுவதைப் பார்த்தேன். கேட்டால் "ஒண்ணுமில்ல பிள்ள" என்பார். ராத்திரி புரண்டு படுக்கும்போது பல்லைக் கடிக்கிற சத்தம் வரும். "கனவு" என்பார். நான் நம்பினேன். ஊரறிய எழுந்து நின்று சாட்சி சொன்ன ஆள் பொய் சொல்வார் என்று எனக்கு எப்படித் தோன்றும்? பனியனில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. என் வீட்டுக்காரர் தப்பினார்.

ஒருநாள் அயர்ன் டேபிளிலேயே அவர் கால் மரத்துப்போய் விழுந்துவிட்டார். கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். படம் எடுத்தார்கள். புற்று வேறெங்கோ ஆரம்பித்து முதுகெலும்பு வரைக்கும் வந்துவிட்டிருந்தது. நான் டாக்டரிடம் கட்டிலைப் பற்றிச் சொல்லிச் சண்டைக்கே போனேன். அவர் பொறுமையாகக் கேட்டார். "அந்தச் சூட்டால இது வரலைம்மா. சூட்டுல கொஞ்ச நேரம் வலி தெரியாம இருந்திருக்கும், அவ்வளவுதான். வலி எப்ப இருந்து இருக்குது?" என்றார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

இனி வைத்தியம் இல்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகுதான் வாயைத் திறந்தார். வலி போனது உண்மைதானாம், முதல் சில வாரம் நிஜமாகவே இல்லையாம். பிறகு திரும்பி வந்தது, முன்னைவிட மோசமாக வந்தது.

"வந்ததும் சொல்லுததுக்கு என்ன? வாய்ல என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தீங்க?" என்று கத்தினேன். சாகக் கிடக்கிறவரிடம் கத்தலாமா என்றெல்லாம் அப்போது தோன்றவில்லை. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"அந்த அக்கா நம்மள நம்பி வந்து குணமாயிட்டாங்க பிள்ள. நான் போயி எனக்கு இன்னும் வலிக்கின்னு சொன்னா, அவுக மனசு விட்டுரும்லா. பொறவு அவுகளுக்கும் வலி திரும்பிரும்" என்றார்.

"அங்க சொல்லாண்டாம். எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"உங்கிட்ட சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா அங்க போயி மைக்கப் புடுங்கிருவ."

அது வாஸ்தவம். புடுங்கியிருப்பேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

டாக்டர் கொடுத்த மாத்திரைக்கு நடுவில் வலி ஏறும் நேரங்களில் நான் அயர்ன் பாக்ஸை எடுப்பேன். கம்பெனிக் கட்பீஸ் துணியை மடித்துச் சூடேற்றி, என் கன்னத்தில் வைத்துப் பார்த்து, அவர் முதுகில் ஒத்தடம் கொடுப்பேன். மடிப்பு ஓரம் நேராக இல்லையென்றால் அந்த நிலையிலும் அவருக்குப் பொறுக்காது, விரலால் நீவிவிடுவார். "வலிக்கா?" என்று கேட்பேன். "இல்ல" என்பார். எத்தனை முறை கேட்டாலும் அதே இல்லை. பழகிப்போன வாய். கடைசி வாரத்தில் ஒரு மத்தியானம், நான் கேட்காமலே, "வலிக்கி பிள்ள, ரொம்ப வலிக்கி" என்றார். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அந்த நேரத்தில் சந்தோஷமாக இருந்தது. புருஷன் வலிக்கிறது என்று சொன்னதற்குச் சந்தோஷப்பட்ட பெண்டாட்டி எந்த ஊரிலாவது உண்டா? நான் சந்தோஷப்பட்டேன். மைக்கில் சொல்லாததை அவர் எனக்கு மட்டும் சொல்லியிருந்தார்.

அடக்கத்துக்குக் கல் கட்டில் ஆட்கள் அத்தனை பேரும் வந்தார்கள். வேன் பிடித்து வந்தார்கள். கல்லறை வரைக்கும் நடந்தே வந்தார்கள். எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் அதற்குள் பஸ் ஏறிவிட்டிருந்தார்கள். அந்தச் சென்டர்ப் பெண் பிறகும் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். "அண்ணனப் பத்திப் பேசாத நாளே இல்லீங்க அக்கா. ஒருநாள் வந்து ரெண்டு வார்த்தை சொல்லோணும்ங்க" என்றாள். வருகிறேன் என்றேன். சாபம் விடுகிற எண்ணத்தில்தான் சொன்னேன். வீட்டுச் சொந்தக்கார அக்காவும் துணைக்குக் கூடவே வந்தார்.

மைக்கைக் கையில் வாங்கினேன். எதிரே எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். துவைத்து மடித்த அவரவர் துண்டு அவரவர் மடியில் இருந்தது. திருவிழாவுக்கு வந்த பிள்ளைகள் மாதிரி ஆசையாக என் முகத்தையே பார்த்தார்கள். மனதில் கட்டிவைத்திருந்த வசவு ஒன்றுகூட வாயில் வரவில்லை. "எங்க வீட்டுக்காரருக்கு வலி போகல. திரும்பி வந்திட்டு. உங்க முன்னால சொல்லக் கூச்சப்பட்டு எங்கிட்டயும் சொல்லல. உங்களுக்கு வலிச்சா வீட்டுல சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றேன். பின்னாலிருந்து ஒருத்தர் பழக்கத்தில் கைதட்ட ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டார். சென்டர்ப் பெண் என் கையிலிருந்து மைக்கை மெதுவாக வாங்கிக்கொண்டாள். கோபப்படவில்லை. கண் கலங்கியிருந்தாள்.

நான் விறுவிறுவென்று படியிறங்கிப் பாதியில் திரும்பிப் பார்த்தேன். வீட்டுச் சொந்தக்கார அக்கா கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கிக்கொண்டிருந்தார். அந்தப் பேக்கரி மாடிக்கு எத்தனை மாதமாக இப்படித்தான் ஏறி இறங்கினார்?

மேலே ஏறிப்போய் அவர் கையைப் பிடித்தேன். "அக்கா, முட்டி வலி போயிட்டுன்னு சொன்னீங்களே?"

அவர் மேலே ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எங்க அம்மிணி போச்சு? அப்படியேதான் இருக்குது. தம்பி அத்தன ஆசையாக் கூட்டியாந்தாரு. அவரு மொகத்துக்கு முன்னால கொறையிலீன்னு எப்படிக் கண்ணு சொல்றது? அவருக்கு நல்லாயிருச்சு, நாம ஏன் அவரு மனசச் சங்கடப்படுத்தோணும்னு நல்லாயிருச்சுன்னு சொல்லிப்போட்டன். அப்பறம் நித்தம் வராம இருக்க முடியுமா, சொல்லு."

படியில் உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மனசு விட்டுவிடும் என்றுதான் என் வீட்டுக்காரரும் வாயை மூடிக்கொண்டிருந்தார் அக்கா என்று சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்தது. லைன் வீடு முழுக்க வாயாடி என்று பேரெடுத்தவள் நான். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். இதைக் கேட்டால் அவர் இன்றைக்குச் சாப்பிட மாட்டார், என்றைக்கும் தூங்க மாட்டார்.

"நாளைக்கு நான் லீவு சொல்லுதேன்க்கா. ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போயி உங்க முட்டிய ஒரு படம் எடுத்துருவோம்" என்றேன்.

"அது கெடக்குது, நீ ஏன் கண்ணு அழுவுற? எங்கியாச்சும் வலிக்குதா?"

"இல்லக்கா" என்றேன். "ஒண்ணுமில்ல."